படம் காட்டினால் போதுமா? கேட்டதற்குப் பதில் வேண்டாமா?



ஒரு பிஸ்கட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி எங்கள் கடைக்கு வந்தார். முன்பெல்லாம் ஆர்டர் புத்தகமும் கார்பன் பேப்பருமாக வருவார்கள். இவர் கையில் சிலேட்டு அளவில் ஒரு டேப் இருந்தது. "அண்ணாச்சி, உங்க ஏரியாவுல இந்த அயிட்டம் எப்படி ஏறியிருக்குன்னு நீங்களே பாருங்க" என்று சொல்லி ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு கட்டைகள். போன வருடத்துக் கட்டை முழங்கால் உயரம்; இந்த வருடத்துக் கட்டை ஆள் உயரம். வியாபாரத்தில் முப்பது வருடம் நின்றவன் நான். ஆனாலும் கண் மயங்கிவிட்டது. வழக்கமாக 15 பெட்டி எடுப்பவன் 30 பெட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

காலாவதித் தேதி நெருங்கியபோது 11 பெட்டி அப்படியே இருந்தது. திருப்பி எடுக்கக் கம்பெனி மறுத்துவிட்டது. பிறகு ஒரு நாள், பி.காம். படிக்கும் என் மகள் அந்தப் படத்தை என் செல்போனில் பார்த்துவிட்டு, "அப்பா, இடது பக்க ஓரத்துல இருக்கிற நம்பரைப் பார்த்தீங்களா? கட்டை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவே இல்லை, 88-லிருந்து ஆரம்பிக்குது" என்றாள். போன வருடம் 92 பெட்டி, இந்த வருடம் 104 பெட்டி. ஏற்றம் நூற்றுக்குப் பதின்மூன்று. ஆனால் அடியில் 88-ஐ வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது 4-ம் 16-ம். பார்க்கிறவன் கண்ணுக்கு நான்கு மடங்கு! எண் ஒன்றும் பொய்யில்லை. படம்தான் பொய்.

அந்த 11 பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் பலர் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறினோம். பில் போடும் சாப்ட்வேர் விற்கிறவர்கள் எல்லோரும் இப்போது வண்ண வண்ணமாய்ப் படங்களும் சேர்த்துத் தருகிறார்கள். தொட்டால் மாறுகிறது, இழுத்தால் விரிகிறது. இவை நமக்குப் பயன்படுமா, அல்லது சும்மா படம் காட்டும் வேலையா? பயன்படும் என்பதே என் கருத்து. ஆனால் எல்லாப் படமும் பயன்படாது. எது பயன்படும், எது படாது என்று பிரித்துப் பார்க்கும் திறன் பருப்பில் கல் பொறுக்கும் திறனைப் போல நமக்கு வந்தாக வேண்டும்.

கல்லாவில் பிறந்த கலை

எண்ணைப் படமாகப் போடுவது ஏதோ படித்தவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. இதை முதலில் பெரிய அளவில் செய்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நீராவி எந்திரத்துக்குப் பெயர்போன ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடம் போடும் வேலை பார்த்தவர். 1786-இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு வருடத்துக் கணக்குதான் அவரிடம் இருந்தது. ஒரு வருடத்தை வைத்துக் கோடு இழுக்க முடியாதே! எனவே நாட்டுக்கு நாடு கட்டை கட்டையாகப் போட்டார். இன்று நம் கம்ப்யூட்டரில் வரும் கட்டைப் படத்துக்கு அதுதான் மூத்தது.

தன் முறையை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு வியாபாரியின் கல்லா! ஒருவருக்குக் கிடைப்பதெல்லாம் தங்க நாணயம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரவில் அன்றைய வரவை ஒரே அடுக்காக அடுக்கி வைத்தால், அடுக்கின் உயரமே அன்றைய வரவைச் சொல்லிவிடும் என்பது அவருடைய விளக்கம். இரவு கடை சாத்தும் முன் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளை அடுக்கி எண்ணுகிற நமக்கு இது புதிதா என்ன? அடுக்கைப் பார்த்தவுடனே இன்று கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவோமே.

அடுக்குகள் எல்லாம் ஒரே பலகையில் நின்றால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஒன்றை மேஜையிலும் ஒன்றை முக்காலியிலும் வைத்தால் கண் தவறும். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இருவர் இதைச் சோதித்து 1984-இல் எழுதினார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்பவற்றை ஒப்பிடுவதில் மனிதக் கண் கெட்டிக்காரன். கோணத்தையும் பரப்பளவையும் ஒப்பிடுவதில் மந்தம் என்பது அவர்கள் கண்டது. சப்பாத்தியைத் துண்டு போட்டது போன்ற வட்டப் படத்தைச் சாப்ட்வேர்க்காரர்கள் ஆசை ஆசையாய்ப் போடுகிறார்கள். அதில் பன்னிரண்டு நிறத்தில் பன்னிரண்டு துண்டு இருந்தால், துவரம் பருப்பு கூடுதலா, உளுந்து கூடுதலா என்று யாராலும் சொல்ல முடியாது. அதையே வரிசையாகக் கட்டைகளாக நிறுத்தினால் பத்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்.

ஐந்தொகையிலிருந்து சிட்டை வரை

காகிதத்தில் அச்சடித்த படம் ஒரு முறை பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டர் படத்தின் விசேஷம், மேற்கொண்டு கேள்வி கேட்கலாம் என்பது. 1979-இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் விசிகால்க் என்ற கணக்குத் தாளைக் கம்ப்யூட்டருக்கு உருவாக்கினார்கள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமாக மாறும். வாடகை ஏறினால் என்ன ஆகும், கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கும் வசதி வியாபாரிகளுக்கு அப்போதுதான் கிடைத்தது.

அடுத்து, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மேன் குழுவினர் 1992-இல் வாஷிங்டன் நகரில் வீடு தேடுவதற்கு ஒரு படம் செய்தார்கள். நகர வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. விலை, படுக்கையறை எண்ணிக்கை, தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் இழுத்து நகர்த்தும் ஒரு பட்டை. விலைப் பட்டையை இழுக்க இழுக்க, கட்டுப்படியாகாத வீடுகளின் புள்ளிகள் மறைந்துகொண்டே போகும். எந்தப் பகுதியில் வீடு தேடுவது வீண் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். 1996-இல் அதே ஷ்னைடர்மேன் இந்த வகைப் படங்களுக்கு ஒரு வழிமுறை வகுத்தார். முதலில் மொத்தத்தைக் காட்டு. பிறகு வேண்டிய இடத்தை நெருங்கிப் பார்க்கவும், வேண்டாததை விலக்கவும் வழி விடு. கடைசியில் கேட்டால் மட்டும் விவரத்தைக் கொடு.

நம் முன்னோர் கணக்கு எழுதிய முறையும் இதுதானே! ஐந்தொகையைப் பார்த்தால் மொத்த நிலைமை தெரியும். சந்தேகம் வந்தால் பேரேட்டுக்குப் போவோம். அங்கிருந்து பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு நாள்வழிக்குப் போவோம். நாள்வழியிலிருந்து சிட்டைக்கு. எந்த எண்ணும் அதன் சிட்டை வரை போய்ச் சேரும். பேரேட்டில் அந்தப் பக்க எண் எழுதாத கணக்குப்பிள்ளையை முதலாளி வைத்துக்கொள்வாரா? பேரேட்டுப் பக்க எண் செய்த வேலையைத்தான் இன்று விரல் தொடுவது செய்கிறது. எனவே, தொட்டால் பில் வரைக்கும் போகாத படத்தைப் பக்க எண் இல்லாத பேரேடு என்றே கருத வேண்டும்.

நல்ல படத்துக்கு ஐந்து சோதனைகள்

ஒன்று: நாளைக்கு எடுக்க வேண்டிய முடிவுக்கு உதவுகிறதா? தினசரி மொத்த விற்பனைக் கோடு மேலும் கீழும் ஆடுவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு என்ன செய்வது? நமக்கு இருக்கும் கேள்விகள் மூன்று நான்குதான். எதை எடுப்பது, எதை நிறுத்துவது, யாரிடம் பாக்கி முடங்கிக் கிடக்கிறது, எந்தச் சரக்கில் பணம் தூங்குகிறது. கொள்முதல் செய்து எத்தனை நாள் ஆயிற்று என்ற வரிசையில் இருப்பை அடுக்கிக் காட்டும் ஒரு சாதாரணக் கட்டைப் படம், சுழன்று சுழன்று ஆடும் பத்துப் படங்களைவிட மேல். வட்டிக்கு வாங்கிய பணம் எந்த அலமாரியில் உறங்குகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு: ஒப்பிடத் தகுந்ததோடு ஒப்பிடுகிறதா? இதில்தான் பெரும்பாலான சாப்ட்வேர் சறுக்குகிறது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. எனவே 2023 அக்டோபரையும் 2024 அக்டோபரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், கடலை மாவும் எண்ணெயும் சர்க்கரையும் திடீரென்று பொங்கி எழுந்தது போலத் தெரியும். அடுத்த மாதம் நவம்பரை நவம்பரோடு வைத்தால் வியாபாரமே படுத்துவிட்டது போலத் தெரியும். இரண்டும் மாயை. நகர்ந்தது பண்டிகைதான். சரி, தமிழ் மாதக் கணக்குப்படி பார்ப்போமே என்றால் அதுவும் உதவாது. 2023-இல் ஐப்பசிக் கடைசியில் வந்த தீபாவளி, 2025-இல் அக்டோபர் 20 அன்று, ஐப்பசி பிறந்த இரண்டொரு நாளிலேயே வந்துவிட்டது. தீபாவளிச் சரக்கெல்லாம் புரட்டாசியிலேயே விற்றுத் தீர்ந்தது. அப்படியானால் எப்படி ஒப்பிடுவது? பண்டிகை நாளை நங்கூரமாக வைத்து, அதற்கு முந்தைய இருபது நாளை இருபது நாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ரம்ஜான் நோன்பும் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போவது. பேரீச்சம்பழம் விற்பவர்களுக்கு இது தெரியும். நான்கு ஞாயிறு உள்ள மாதத்தையும் ஐந்து ஞாயிறு உள்ள மாதத்தையும் அப்படியே ஒப்பிடுவதும் இதே தவறுதான். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதை நாமே குறித்துக்கொள்ள வழி விடாத படம், தராசைத் தொடவிடாத கடைக்காரன் மாதிரி.

மூன்று: தொட்டால் சிட்டை வருகிறதா? ஒரு மாதம் உளுந்துக் கட்டை திடீரென்று உயர்ந்து நிற்கிறது என்று வையுங்கள். அடுத்த மாதத்துக்குக் கூடுதல் மூட்டை சொல்லலாமா? கட்டையைத் தொட்டால் பில்கள் விரிய வேண்டும். விரிந்தால் தெரியும், ஒரு கல்யாண வீட்டு பில் ஒன்றே இரண்டு மூட்டையைக் கொண்டுபோயிருக்கிறது என்று. அந்த ஒரு பில்லை விலக்கிவிட்டுப் பார்த்தால் கட்டை பழைய உயரத்துக்கே இறங்கிவிடும். அதே வீட்டார் அடுத்த மாதமும் கல்யாணம் செய்யப் போவதில்லை. இந்த விலக்கிப் பார்க்கும் வசதி ஒன்றுக்காகவே கம்ப்யூட்டர் படத்துக்குக் காசு கொடுக்கலாம்.

நான்கு: கேட்டவுடன் வருகிறதா? கம்ப்யூட்டர் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-இல் மூன்று அளவுகளை எடுத்துச் சொன்னார். பத்தில் ஒரு பங்கு விநாடியில் மாறினால் நம் கையோடு மாறுவது போலிருக்கும். ஒரு விநாடி வரை ஆனால் யோசனை அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் மனம் வேறு எங்கோ போய்விடும். நம் கடையில் பத்து விநாடி கூடக் கிடைக்காது. அதற்குள் "அண்ணே, கால் கிலோ புளி" என்று ஒரு குரல் வந்துவிடும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் சாப்ட்வேரை ஒரு வாரம் பார்ப்போம். எட்டாம் நாள் தொட மாட்டோம்.

ஐந்து: தொடாமலே முக்கியமானது தெரிகிறதா? நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வரைபடப் பிரிவைச் சேர்ந்த ஆர்ச்சி ட்சே 2016-இல் தங்கள் அனுபவத்தை வெளிப்படையாகச் சொன்னார். எத்தனை பொத்தான் வைத்தாலும் வாசகர்களில் பெரும்பாலோர் அழுத்துவதில்லை. எனவே முக்கியமான செய்தியைப் பொத்தானுக்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். படித்துப் பார்ப்பதற்கென்றே உட்காருகிறவர்கள் நிலை அதுவென்றால், ஒரு கையில் தராசும் மறு கையில் பொட்டலமுமாக நிற்கும் நம் நிலை என்ன? காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டவுடன், தீரப்போகும் சரக்கு ஐந்தும் தேங்கிய சரக்கு ஐந்தும் கண்ணில் பட வேண்டும். தொடுவதும் இழுப்பதும் அதற்குப் பிறகு, சந்தேகம் தீர்த்துக்கொள்ள.

இந்த ஐந்துக்கும் முன்னால் பூஜ்யச் சோதனை ஒன்று உண்டு. கட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்ப்பது! 11 பெட்டி பிஸ்கட் கொடுத்து நான் வாங்கிய பாடம், உங்களுக்கு இலவசம்.

படத்தில் வராத சரக்கு

"முப்பது வருடமாகக் கடை நடத்துகிறேன், எந்தச் சரக்கு ஓடும் என்று எனக்குத் தெரியாதா?" என்று மூத்த வணிகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேகமாக ஓடும் சரக்கு யாருக்கும் தெரியும். ஆனால் மெல்ல மெல்லக் குறைந்து வருவது அனுபவசாலிக்கும் தெரியாது. மாதம் நாற்பது பாக்கெட் போன மசாலாத் தூள், முப்பத்தெட்டு, முப்பத்தைந்து, முப்பத்தொன்று என்று இறங்குவது தினமும் பார்க்கிற கண்ணுக்குப் படாது. வீட்டில் பிள்ளை வளர்வது நமக்குத் தெரியாது, ஊரிலிருந்து வந்த மாமாவுக்குத் தெரியும் அல்லவா, அந்த மாதிரி. படம் அந்த மாமா.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பில் போட்டதுதான் படத்தில் வரும். "இல்லை" என்று சொல்லி அனுப்பிய வாடிக்கையாளர் எந்தப் படத்திலும் வர மாட்டார். சிறுதானிய அவல் கேட்டு வாரத்தில் ஆறு பேர் வந்து போயிருந்தால், கம்ப்யூட்டரில் அதன் விற்பனை பூஜ்யம் என்றுதான் நிற்கும். அதைப் பார்த்து, இதற்குக் கிராக்கியே இல்லை என்று முடிவு கட்டினால் கெட்டோம். அதனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் வையுங்கள். இல்லை என்று சொன்ன ஒவ்வொரு பொருளையும் பையன் அதில் எழுதட்டும். கம்ப்யூட்டர் படமும் அந்த நோட்டும் சேர்ந்தால்தான் முழுக்கணக்கு. அதே போல, அவசரத்தில் பில் போடாமல் கொடுத்த உதிரிச் சரக்கும், துண்டுச் சீட்டில் எழுதிய கைமாற்றும் படத்தைக் கோணலாக்கும். அளக்கிற படி ஓட்டையானால் அளவு எப்படிச் சரியாகும்?

என்ன செய்யலாம்?

சாப்ட்வேர் வாங்கும் முன், அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கணக்கில் படம் பார்க்காதீர்கள். அது பெண் பார்க்கப் போகும் அன்று கட்டிய பட்டுப்புடவை. நம் கடையின் ஒரு மாதத்து பில்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தீபாவளியைத் தீபாவளியோடு ஒப்பிட முடியுமா என்று கேளுங்கள். நம் கணக்கை முழுவதும் நம் கையில் எடுத்துக்கொள்ள வழி உண்டா என்றும் கேளுங்கள். கணக்கு நம்முடையது. சாப்ட்வேரை மாற்றினாலும் கணக்கு நம்மோடு வர வேண்டும்.

கம்பெனிப் பிரதிநிதி படம் காட்டினால் மூன்று கேள்வி போதும். அடி எண் என்ன? எத்தனை கடைக் கணக்கு இது? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? பதில் தடுமாறினால் பழைய ஆர்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்க வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை அத்தியாவசியப் பொருள்களின் விலையைத் தினமும் திரட்டி வெளியிடுகிறது. முன்பு 22 பொருளாக இருந்தது, 2024 ஆகஸ்ட் 1 முதல் 38 பொருளாகியிருக்கிறது. நாம் வாங்கிய விலைக் கோட்டையும் அந்த விலைக் கோட்டையும் ஒரே படத்தில் இழுத்துப் பார்த்தால், எந்த மாதம் அவசரப்பட்டு வாங்கினோம், எந்த மாதம் தாமதித்துக் கெட்டோம் என்பது நமக்கே தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. கடைக்கு வர மறுக்கிறார்கள் என்று நாம் குறைப்படுகிற அதே பிள்ளைகள்தான். மூட்டை தூக்கக் கூப்பிட்டால் வராதவர்கள், இந்தப் படத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல் என்று கேட்டால் வருவார்கள். என் மகள் வந்தாள். இப்போது ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் அவள் கம்ப்யூட்டர் முன்னாலும் நான் கல்லாவிலுமாக உட்காருகிறோம். அவளுக்குப் படம் தெரியும், எனக்குச் சரக்கு தெரியும். இரண்டும் சேர்ந்தபோதுதான் ஆர்டர் சரியாக விழுகிறது.

பெரிய பெரிய கடைத்தொடர்களின் தலைமை அலுவலகங்களில் இந்த வகைப் படங்களைப் பார்ப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் வாடிக்கையாளர் ஒரு புள்ளி. நமக்கோ அந்தப் புள்ளியின் பெயரும் தெரியும், வீட்டு விசேஷமும் தெரியும். அவர்களுக்கு இல்லாத இந்த அறிவோடு படம் படிக்கும் அறிவையும் சேர்த்துக்கொண்டால் நாம் ஏன் பின்தங்க வேண்டும்? இன்று இரவு காசு அடுக்கும்போது எல்லா அடுக்கும் ஒரே பலகையில் நிற்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.